முகாமின் சாவி யாரிடம்? – காலநிலை நீதியும் உள்ளாட்சியும்

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: “கரியமில வாயுவைக் குறைப்பது வல்லரசுகளின் கையில் இருக்கிறது. நிவாரண நிதி ஒன்றிய, மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. இவற்றுக்கு இடையில் ஓர் ஊராட்சித் தலைவரோ மாநகராட்சி உறுப்பினரோ காலநிலை நீதிக்காக உண்மையிலேயே என்ன செய்துவிட முடியும்? இது வெறும் கருத்தரங்கப் பேச்சுதானே?”

கருத்தரங்கப் பேச்சு இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கான காரணங்களைத் தமிழ்நாட்டின் கடந்த பத்தாண்டு அனுபவத்திலிருந்தே சொல்ல முயல்கிறேன்.

காலநிலை நீதி என்றதும் நாடுகளுக்கு இடையிலான கணக்கே நம் நினைவுக்கு வருகிறது. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் அளவில் கரியமில வாயு வெளியேறக் காரணமாகிறார் என்றால், ஓர் இந்தியரின் பங்கு 2 டன்னை ஒட்டியே இருக்கிறது. குறைவாகக் கெடுத்தவர் கூடுதலாகத் துன்பப்படுகிறார் என்பதே அந்த வாதத்தின் சாரம். ஆனால் இதே கணக்கு ஓர் ஊருக்குள்ளும் இருக்கிறது. மேட்டுத்தெரு, பள்ளத்தெரு என்ற பிரிவு நம் ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை மழை தீர்மானிக்கவில்லை. சாதியும் நிலவுடைமையும் பல தலைமுறைகளுக்கு முன்பே தீர்மானித்துவிட்டன. ஐ.நா. மாநாட்டில் பேசப்படும் நீதி இந்தத் தெருக்களுக்கு வந்து சேர வேண்டுமானால், எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அறிந்த ஓர் அரசு வேண்டும். அந்த நெருக்கம் உள்ளாட்சியைத் தவிர வேறெந்த அரசுக்கும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டோடு தொடங்குகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தலைமுறைகளாக வளர்ந்திருந்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்று வைத்து 1,92,500 ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. அந்தத் தொகை போதுமா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கணக்கின் அலகு மரம் என்பதைக் கவனியுங்கள். மரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே பாதிக்கப்பட்டவர் என்றாகிறது.

புயலுக்குச் சில வாரங்கள் கழித்துப் பேராவூரணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கீற்று முடையும் ஒரு பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தேன். விழுந்த மரங்களின் மட்டை ஊரெங்கும் குவிந்து கிடந்ததாலும், கூரை பறிபோன வீடுகளுக்கெல்லாம் கீற்று தேவைப்பட்டதாலும், அந்த நாள்களில் அவருக்கு ஓய்வில்லாத வேலை இருந்தது. பேசும்போதும் கை நிற்கவில்லை. ஊறவைத்த மட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு, ஓலையை ஒன்றுவிட்டு ஒன்று மடித்துப் பின்னிக்கொண்டே வந்தார். நிமிராமலேயே, “இந்தக் குவியல் தீந்துட்டா அப்புறம் மட்டைக்கு எங்க போறது? தென்னம்பிள்ளை வச்சு மரமாக அஞ்சாறு வருசம் ஆகும்ல” என்றார். அவருடைய குடிசையின் சேதம் கணக்கெடுப்பில் ஏறியிருந்தது. அவருடைய தொழில் போனதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. மட்டை உரிப்பவர், காய் பறிப்பவர், கயிறு திரிப்பவர் எல்லோருடைய நிலையும் அதுதான். தோப்புக்காரருக்கு நேர்ந்தது பேரிழப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தோப்பை நம்பி எத்தனை குடும்பங்கள் அடுப்பெரித்தன என்பது பட்டாவில் எழுதியிருக்காது. அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் வார்டு உறுப்பினருக்கு அது தெரிந்திருக்கும்.

ஆனால் அப்போது அந்த ஊரில் வார்டு உறுப்பினரே இல்லை. இந்தச் செய்தியை நாம் போதிய அளவு பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றும்தான் நடந்தன. இந்த இடைவெளியில் வந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, 2018-இல் கஜா ஆகிய புயல்கள் வந்தன. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் சென்னையை மீண்டும் வெள்ளம் சூழ்ந்தது. இத்தனை பேரிடர்களின்போதும், பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கேள்வி கேட்கக்கூடிய, அவர்களே தேர்ந்தெடுத்த உள்ளூர் அரசு ஒன்று இருக்கவில்லை. ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். மாநிலத்தில் அப்போது ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளும் 385-ஐ ஒட்டிய ஒன்றியங்களும் இருந்ததால், ஓர் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர் சராசரியாக முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு நேர்மையான அலுவலராக இருந்தாலும், முப்பது ஊர்களின் பள்ளத்தெருக்களை அவர் எப்படி அறிந்திருக்க முடியும்? ஒன்றிய நிதிக்குழு பரிந்துரைக்கும் மானியம் முறையாக அமைந்த உள்ளாட்சிகளுக்கே உரியது என்பதால், அந்தக் காலத்தில் வர வேண்டிய ஒன்றிய நிதியும் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர்கள் வந்தபோது, முந்தைய அனுபவத்திலிருந்து நாம் எதையும் கற்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

சட்டத்தில் உள்ளாட்சிக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது அரசமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கு 29 பொருள்களையும் நகராட்சிகளுக்கு 18 பொருள்களையும் பட்டியலிட்டன. சிறு பாசனம், குடிநீர், சமூகக் காடு வளர்ப்பு, மரபுசாரா எரிசக்தி, நலிந்தோர் நலம், குடிசைப் பகுதி மேம்பாடு என்று அதில் இருப்பவற்றில் பாதி இன்று காலநிலைப் பணி என்று நாம் அழைப்பவைதான். ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, அதிகாரம் கைக்கு வருவது வேறு. தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு, மேல் பாசனப் பரப்புள்ள ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஏரிகளோ சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்து, அந்த நீரே கீழ் ஏரிக்கு வரத்தாகும். நடுவில் உள்ள வரத்துக்கால்வாயை யார் தூர்வாருவது என்ற கேள்விக்கு ஒரு துறை மற்றொரு துறையைக் கைகாட்டும். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். நீர் புகுவது ஏரிக்குக் கீழே உள்ள குடியிருப்பில். அங்கிருந்து மக்கள் முதலில் ஓடிவந்து நிற்பது, அந்தக் கால்வாயில் கை வைக்க அதிகாரமில்லாத ஊராட்சித் தலைவரின் வீட்டு வாசலில்.

நகர்ப்புறத்தில் இந்த அநீதி இன்னும் கூர்மையானது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது, அடையாறு கரைபுரண்டது. அதற்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களை ‘பாதுகாப்பு கருதி’ அகற்றும் பணி வேகம் பிடித்தது. அவர்களில் பெரும்பகுதியினர் சென்று சேர்ந்தது பெரும்பாக்கத்தில் எழுப்பப்பட்டிருந்த எட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு. பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற அந்தச் சதுப்பு நிலம், ஒரு காலத்தில் இருந்த பரப்பில் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. அதற்கு வர வேண்டிய நீர் சுற்றியுள்ள குடியிருப்புகளில் தேங்குகிறது. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சதுப்பு நிலத்து வெள்ளத்தைப் பார்த்தார்கள்.

இதில் உள்ளாட்சியின் கோணம் ஒன்று உண்டு; அது அதிகம் பேசப்படுவதில்லை. நகரத்தின் நடுவில், மாநகராட்சி வார்டு ஒன்றில் வாக்காளர்களாக இருந்த குடும்பங்கள் பெரும்பாக்கம் என்ற ஊராட்சியின் எல்லைக்குள் குடியமர்த்தப்பட்டன. ஒரு கிராமத்துக்கென வகுக்கப்பட்ட நிதியும் பணியாளர்களும் கொண்ட ஊராட்சியின் தலையில் ஒரு சிறு நகரமே வந்து இறங்கியது. குடியிருப்பைக் கட்டியது ஒரு வாரியம், குடிநீர் ஒரு துறை, பேருந்து ஒரு கழகம், குப்பை வேறொருவர் பொறுப்பு. வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள் பழைய வேலையிடத்துக்குப் போய்வரவே நாளில் பல மணி நேரத்தையும் கூலியில் ஒரு பங்கையும் இழந்தார்கள். வெளியேற்றும் முடிவை எடுப்பதற்கு முன் அவர்கள் வாழ்ந்த வார்டில் ஒரு கூட்டம் கூட்டி, அதே பகுதியில் மாற்று இடம் உண்டா என்று ஆராய்ந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். ஆனால் 2016 முதல் 2022 வரை சென்னையில் அப்படிக் கூட்டம் கூட்ட ஒரு கவுன்சிலர்கூட இல்லை. காலநிலைத் தகவமைப்பு என்ற பெயரில் ஏழைகளை நகரத்துக்கு வெளியே தள்ளுவதும் காலநிலை அநீதியே என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

சென்னை மாநகராட்சி 2050-க்குள் கரிமச் சமநிலை, அதாவது வெளியேறும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலை, என்ற இலக்கோடு காலநிலைச் செயல்திட்டம் ஒன்றை உருவாக்கியது நல்ல தொடக்கம். ஆனால் மக்கள் கருத்துக்கென 2022-இல் வைக்கப்பட்ட அதன் வரைவு முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்த பிறகே தமிழில் வந்தது. எண்ணூர் மீனவருக்கும் வியாசர்பாடி வாடகைக் குடித்தனக்காரருக்கும் நேரப்போவதைப் பற்றிய ஆவணம் அவர்கள் வாசிக்கும் மொழியில் இல்லாவிட்டால், கருத்துக் கேட்பு யாரிடம் நடக்கிறது? இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை.

உள்ளாட்சி தன் கையில் இருப்பதைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதற்கு அகமதாபாத் நல்ல சான்று. 2010 மே மாதத்தில் அங்கு வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு கணக்கிட்டது. அம்மாநகராட்சி 2013-இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. வெப்ப முன்னறிவிப்புக்கு வண்ண எச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, குடிநீர்ப் பந்தல் ஆகியவை அதில் அடக்கம்; குடிசைகளின் கூரைக்கு வெள்ளைப் பூச்சும் பின்னர் சேர்ந்தது. அவற்றைவிட என் மனத்தில் நிற்பது ஒன்று உண்டு. மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில், வெயிலை நேராக வாங்கும் மேல்மாடியில் இருந்த பச்சிளங்குழந்தைகள் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பெரும் நிதியோ புதிய தொழில்நுட்பமோ தேவைப்படவில்லை. கட்டடம் யாருடையதோ அவர் கவனித்துப் பார்த்தார், அவ்வளவுதான். தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்று வகுத்தது. இறந்த பிறகு தருவதை மாநிலம் முடிவு செய்துவிட்டது; இறக்காமல் காப்பது வார்டின் வேலையாக எஞ்சியிருக்கிறது. தகரக் கூரை வீடுகள் எந்தத் தெருவில், அங்கே தனியாக வாழும் முதியவர் யார், நடைபாதையில் கீரை விற்பவர் நண்பகலில் எங்கே ஒதுங்குவார் என்பவற்றை எந்தச் செயற்கைக்கோள் படமும் சொல்லாது.

2015 வெள்ளத்தின்போது அம்மா உணவகங்கள் இலவசமாக உணவளித்தது பலருக்கு நினைவிருக்கும். மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைக்கும் அந்த மாநகராட்சிக் கூடங்கள் பேரிடருக்கென்று தொடங்கப்பட்டவை அல்ல. அன்றாடம் இயங்கிக்கொண்டிருந்ததால்தான் ஆபத்துக் காலத்தில் உதவின. கேரளத்தில் 2018 பெருவெள்ளத்துக்குப் பின் சேறு படிந்த வீடுகளைக் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் பெண்கள் திரண்டு சுத்தம் செய்ததற்கும் இதுவே காரணம். 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தின் வழியே மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியதன் பலன், இருபதாண்டுகள் கழித்து வெள்ளத்தின்போது தெரிந்தது. பணமும் பழக்கமும் முன்கூட்டியே இருந்தால்தான் தாங்குதிறன் வரும்.

கரிமத்தைக் குறைப்பதிலும் ஊராட்சிக்குப் பங்குண்டு என்பதற்குக் கோவை மாவட்டத்து ஓடந்துறையைச் சொல்லலாம். 2006-இல் அந்த ஊராட்சி ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில், சொந்தச் சேமிப்போடு வங்கிக் கடனும் பெற்று, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்செலவை அது ஈடுகட்டியதோடு உபரி மின்சாரத்தையும் மின்வாரியத்துக்கு விற்றது. இருபது ஆண்டுகளாக நாம் அதைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறோம். அதுபோல் நூறு ஊராட்சிகள் செய்வதற்கான கடன் வசதியைத்தான் உருவாக்கவில்லை. பதினைந்தாவது நிதிக்குழு 2021-22 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. நோக்கம் தவறில்லை. ஆனால் எஞ்சிய 40 விழுக்காட்டில் மற்றத் தேவைகளையும் பார்த்துக்கொண்டு, வெள்ளத் தடுப்புக்கென ஒதுக்கச் சிற்றூராட்சிகளால் இயலவில்லை.

பேரிடர் மேலாண்மையில் உள்ளாட்சிக்கு உள்ள இடம் இதைவிட வருத்தம் தருவது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். இணைத் தலைவர் உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி. தேர்தல் நடக்காத ஆண்டுகளில் அந்த இணைத் தலைவர் நாற்காலி காலியாகவே இருக்கும். 2025-இல் வந்த திருத்தம் பெருநகரங்களுக்கு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தை உருவாக்க வழி செய்தது. அதன் தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத் தலைவர் ஆட்சியர். மேயர் அந்த ஆணையத்தின் தலைமையில் இல்லை. வெள்ளத்தின்போது மக்கள் முற்றுகையிடுவது மேயரையும் கவுன்சிலரையும், முடிவெடுப்பவர்கள் வேறு. பொறுப்பை ஒருவரிடமும் அதிகாரத்தை மற்றொருவரிடமும் வைத்துவிட்டு உள்ளாட்சி செயல்படவில்லை என்று குறை சொல்வது முறையாகாது.

அதேசமயம், உள்ளாட்சியைப் புனிதமாக்கவும் நான் விரும்பவில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்காரவைத்த செய்தி 2020-இல் தமிழ்நாட்டிலிருந்துதான் வந்தது. சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாமிலும் குடிநீரிலும் சாதி பார்த்ததை நாம் மறந்துவிட முடியாது. நீர்நிலையை ஆக்கிரமித்தவரே ஒன்றியக் குழுவில் அமர்ந்திருக்கும் ஊர்களும் உண்டு. உள்ளூர் அரசு உள்ளூர் ஆதிக்கத்தின் மறுவடிவமாகிவிடாமல் தடுப்பது, பெண்களுக்கான 50 விழுக்காடு இடங்களும், பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீடும், எல்லோரும் கேட்கும்படி கணக்கு வாசிக்கப்படும் கிராம சபையும்தான். ஆட்சியர் நீக்க முடிகிற தலைவரைவிட, சபையில் ஒரு பெண் எழுந்து கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட தலைவரே எனக்கு நம்பிக்கை தருகிறார்.

ஒடிசாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1999 பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-இல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிரிழப்பு ஐம்பதுக்குள் நின்றது. வானிலை அறிவிப்பு மேம்பட்டது ஒரு காரணம். ஊர்க் குழுக்களே பராமரித்த புயல் பாதுகாப்பு மையங்கள் மற்றொரு காரணம். நம் கடலோர ஊர் ஒன்றில் நான் கேட்ட அனுபவம் அதற்கு நேர்மாறானது. பள்ளிக்கூடம்தான் முகாம் என்று முடிவாகியிருந்தது. ஆனால் சாவி வைத்திருந்தவர் வெளியூரில் குடியிருந்தார். முழங்கால் அளவு தண்ணீரில் குழந்தைகளைத் தோளில் தூக்கிவந்தவர்கள், நள்ளிரவில் கல்லால் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை ஒன்றுதான். அதிலும் தண்ணீர் வரவில்லை.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் யோசனை இது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூட வேண்டும். மாநகரங்களில் 2022-க்குப் பிறகு வார்டு குழுவும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபாவும் இருக்கின்றன. மார்ச் 22, உலக தண்ணீர் தினத்துக் கூட்டம் இதற்குப் பொருத்தமான நாள். மழைக்கு ஏழு மாதங்கள் அவகாசம் இருக்கும். அன்று உங்கள் ஊரில் முகாம் எது, அதன் சாவி யாரிடம், மாற்றுச் சாவி அந்தத் தெருவிலேயே யாரிடம் என்று கேளுங்கள். தனியாக வாழும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், மழைக்காலத்தில் பிரசவத்தை எதிர்நோக்கும் பெண்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோரின் பெயர்ப் பட்டியல் ஊராட்சிச் செயலரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். குத்தகைதாரர்களும் கூலித் தொழிலாளர்களும் என்ன தொழில் செய்கிறார்கள் என்பது சேதம் வருவதற்கு முன்பே பதிவாக வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். வரத்துக்கால்வாய் எந்தத் துறையுடையது என்பதையும், அதை எந்தத் தேதிக்குள் தூர்வார வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானப் புத்தகத்தை வாங்கி, நீங்கள் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.